தொட்டவர் பங்கு

"பெரியப்பா சொல்லிட்டாரா?" என்று இபுராஹிம் கேட்டான்.

"இன்னும் இல்லண்ணே."

"கையக் காட்டு."

செண்பகவல்லி இடது கையை நீட்டினாள். மணிக்கட்டில் இருந்த சாம்பல் நிறப் பட்டையில் காலையில் பார்த்த அதே எண்தான் நின்றது. தொண்ணூற்று மூன்று. இபுராஹிம் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதவன் போலத் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டான்.

பெரியப்பா என்பது ஆள் அல்ல. ஐரோப்பாவின் வட கோடியில், ஹெல்விக் என்ற துறைமுக ஊரின் மருத்துவமனையில், தரைக்குக் கீழே எங்கோ இருந்த கணிப்பொறி. அதற்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. காயல்பட்டினத்துக்காரனான இபுராஹிம் வந்த முதல் வாரத்திலேயே அந்தப் பெயரை ஒதுக்கிவிட்டான். அவன் குடும்பத்தில் ஒரு பெரியப்பா இருந்தாராம். கல்யாணம், மௌத்து என்று நல்லது கெட்டது எது நடந்தாலும் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாராம். ஒரு வார்த்தை பேச மாட்டாராம். எல்லாம் முடிந்தபிறகு, யார் எங்கே நின்றார்கள், யாரால் எது கெட்டது என்று ஒன்று விடாமல் சொல்லுவாராம். அவரைப் போலத்தான் இதுவும் என்றான். நைஜீரியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்த பிள்ளைகள்கூட இப்போது அதைப் பெரியப்பா என்றுதான் சொன்னார்கள்.

அங்கே மருத்துவர்கள் எல்லோருக்கும் மணிக்கட்டில் பட்டை உண்டு. யாரை எப்போது தொட்டார்கள், எவ்வளவு நேரம் தொட்டார்கள் என்பதெல்லாம் அதில் பதியும். நோயாளி ஒருவர் இறந்தால் பெரியப்பா அந்தச் சாவை நூறாக வைத்துக்கொள்வார். வயதுக்கு இத்தனை, நோய்க்கு இத்தனை என்று பெரும் பங்கைத் தள்ளிவிட்டு, மிச்சத்தைக் கடைசி ஆறு மணி நேரத்தில் அந்த உடம்பைத் தொட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். மூன்று, ஐந்து, சில சமயம் பதினொன்று என்று அவரவர் பட்டையில் கூடிக்கொண்டே போகும். தவறு செய்கிற கையைக் கண்டுபிடிக்கத்தானே இந்த ஏற்பாடு என்று சொன்னபோது எல்லோருக்கும் நியாயமாகத்தான் பட்டது. உள்ளூர் மருத்துவர்களுக்கு முந்நூறு வரை பொறுப்பார்கள். வெளிநாட்டிலிருந்து பயிற்சிக்கு வந்தவர்களுக்கு நூறுதான். நூறைத் தொட்டால் அன்றோடு சரி. ஊருக்குத் திரும்பலாம், ஆனால் எந்த நாட்டிலும் மருத்துவராக இருக்க முடியாது. நாடுகளுக்குள் அப்படி ஓர் ஒப்பந்தம். சொந்த ஊரான கோவில்பட்டிக்குப் போய் ஒரு காய்ச்சலுக்கு மாத்திரை எழுதிக் கொடுக்கக்கூட அவளால் ஆகாது.

செண்பகவல்லிக்குப் பயிற்சி முடிய ஐந்து வாரம் மிச்சம் இருந்தது. நூறுக்கு ஏழு மிச்சம் இருந்தது.

இந்தப் பயத்தில் கைகள் தாமாகவே சில பழக்கங்களைக் கற்றுக்கொண்டிருந்தன. யாருக்கு நேரம் நெருங்கிவிட்டது என்று பெரியப்பா கணிக்கிறாரோ, அவர் அறை வாசலில் ஆரஞ்சு விளக்கு எரியும். அதன்பிறகு பயிற்சி மருத்துவர்கள் உள்ளே போக மாட்டார்கள். போக நேர்ந்தாலும் கட்டிலின் கால்மாட்டில் நின்று, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு வந்துவிடுவார்கள். ஊசியையும் குழாயையும் இயந்திரக் கைகள் பார்த்துக்கொள்ளும். அந்த மருத்துவமனையில் சாகிறவர்கள் மிகச் சுத்தமான விரிப்பில், யாருடைய கையும் படாமல் செத்தார்கள். கோடையில் அந்த ஊரில் சூரியன் மறைவதே இல்லை. எல்லாம் நல்ல வெளிச்சத்திலேயே நடந்தது.

அன்று காலை எட்டு மணிக்கு ஓலவ் என்ற பெரியவரின் அறையில் விளக்கு எரிந்தது. எண்பத்தொரு வயது. முப்பது வருஷம் கப்பல்களைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கொண்டுவந்த மனிதர். இருதயம் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோத்திருந்தது. வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று தலைமாட்டில் எழுதித் தொங்கியது. பதினொன்றேகால் என்று பெரியப்பா நேரம் குறித்திருந்தார். பத்தரை மணிக்குச் செண்பகவல்லி அந்த வாசலைத் தாண்டிப் போனபோது பெரியவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். தண்ணீர் என்றார். அவர் மொழியில் அவள் முதன்முதலாகக் கற்றுக்கொண்ட பத்து வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

பெரியவர் இறந்தபிறகு, அந்த அறையில் நடந்ததை அவள் இபுராஹிமிடம் சொன்னாள்.

"நான் யோசிக்கவே இல்லண்ணே. எங்க சித்தப்பா சாகக் கெடந்தப்ப வீட்டுல ஆளுக்கு ஒரு ஸ்பூன் பால் ஊத்துனோம். எனக்குப் பதினாலு வயசு. பிடரியில கையக் குடுத்து லேசாத் தூக்கு, ஒதட்டோரமா விடுன்னு எங்கம்மா சொல்லிக் குடுத்தாங்க. அதே கைதான் இன்னைக்கும் தூக்கிருச்சு. இத்தன வருசம் டாக்டருக்குப் படிச்சதெல்லாம் அந்த நிமிசம் எங்க போச்சுன்னே தெரியல."

"எத்தன ஸ்பூன்?"

"மூணு. வெறும் தண்ணிதான்."

இபுராஹிம் கோப்பையைக் கீழே வைத்தான். "பொரையேறியிருந்தா மொத்தமும் உனக்குத்தான் புள்ள. கூட ஒரு ஆளு நின்னிருந்தாலாவது பாதி அங்கிட்டுப் போயிருக்கும். தனியாவா போய் நிப்ப?"

"அவரு சிரிச்சாருண்ணே. மூணாவது ஸ்பூனுக்கு."

"பெரியப்பா சிரிப்பையெல்லாம் சேத்துக்கிட மாட்டாரு."

அப்போதுதான் பட்டை இரண்டு முறை அதிர்ந்தது. தலைமை மருத்துவர் சிக்ரிட் அழைக்கிறார் என்று வந்தது. செண்பகவல்லி எண்ணைப் பார்க்கத் துணியாமல் சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டே போனாள்.

டாக்டர் சிக்ரிட் ஐம்பது வயதுப் பெண். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். உட்காரச் சொன்னார். பட்டையைப் பார்க்கச் சொன்னார்.

எண்பத்தொன்று என்றிருந்தது.

"தவறாகக் காட்டுகிறதா, டாக்டர்?"

"இல்லை. பதினொன்றேகாலுக்கு இறக்க வேண்டியவர் பதினொன்று ஐம்பதுக்கு இறந்தார். முப்பத்தைந்து நிமிடம் கூடுதல். அவரைத் தொட்டிருந்தது நீங்கள் ஒருவர்தான். அதனால் பன்னிரண்டு கழிந்திருக்கிறது. இங்கே இதுவரை யாருக்கும் கழிந்ததில்லை."

"தண்ணீராலா?"

"எனக்குத் தெரியாது. அதற்கும் தெரியாது. தண்ணீராக இருக்கலாம், உங்கள் கையாக இருக்கலாம், கணித்த நேரமே தவறாகவும் இருக்கலாம். ஏன் என்று அது கேட்பதில்லை. யார் பக்கத்தில் இருந்தார்கள் என்றுதான் கேட்கும்." சிக்ரிட் மேசையிலிருந்த பேனாவை நேராக வைத்தார். "நீங்கள் செய்தது மருத்துவப்படி தவறு. நான் உங்களைக் கண்டித்து எழுதியிருக்க வேண்டும். மேலிடத்தில் பாராட்டச் சொல்லியிருக்கிறார்கள்."

கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு செண்பகவல்லி அழுதாள். ஓலவுக்காக அழுவதாகத்தான் முதலில் நினைத்தாள். முகத்தைக் கழுவிக் கண்ணாடியைப் பார்த்தபோதுதான், இவ்வளவு நேரமும் மனசுக்குள் பன்னிரண்டு, பன்னிரண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தது தெரிந்தது. அவளுக்கு அவளைக் கண்டே கொஞ்சம் பயமாக இருந்தது.

மறுநாள் காலையிலேயே இபுராஹிம் வந்து நின்றான். அவனுடைய எண் தொண்ணூற்று ஆறு. அடுத்த மாதம் அவன் மனைவி ஷமீமாவும் ஒன்றரை வயது மகளும் அங்கே வருவதாக இருந்தது. எந்தக் கையால் தூக்க வேண்டும், தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டுமா, பச்சைத் தண்ணீர் போதுமா, ஒரு ஸ்பூனுக்கும் அடுத்த ஸ்பூனுக்கும் எத்தனை நிமிடம் விட வேண்டும் என்று வரிசையாகக் கேட்டான். முதலில் கேலி செய்கிறான் என்று நினைத்தாள். அவன் கையில் சிறு நோட்டு இருந்தது.

"அண்ணே, இது வைத்தியம் இல்ல. அவரு கேட்டாரு, குடுத்தேன்."

"கேக்காதவங்களுக்குக் குடுத்தா வேல செய்யாதா?"



ஒரே வாரத்தில் வார்டே மாறிவிட்டது. ஆரஞ்சு விளக்கைக் கண்டு ஒதுங்கிய கால்கள் இப்போது அதை நோக்கி ஓடின. மருத்துவமனை நீளக் காம்பு வைத்த ஸ்பூன்களை வரவழைத்தது. ஐந்து மில்லி, இடது கை பிடரியில், உதட்டோரம், விழுங்கும்வரை பொறுக்கவும் என்று படம் போட்டுச் சுவரில் ஒட்டினார்கள். தலைப்பில் அவள் பெயரைச் சுருக்கிச் 'செண்பா முறை' என்று போட்டிருந்தது. அதைக் கடக்கும்போதெல்லாம் அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள். முதலில் ஒரு மூதாட்டி பத்து நிமிடம் கூடுதலாக இருந்தார். அடுத்து ஒருவர் இருபது நிமிடம். ஸ்பூன் கொடுத்தவர்களுக்கு ஒன்று, இரண்டு என்று கழிந்தது. சாப்பாட்டு அறையில் பல மாதங்களுக்குப் பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது.

மூன்றாவது ஆள் நான்காம் அறையில் இருந்தார். பக்கவாதத்தில் பேச்சு போனவர். வரிசையில் பதினைந்து பேர். செண்பகவல்லி ஏழாவதாக நின்றாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. எண்பத்தொன்று என்றாலும் நூறுக்குப் பக்கம்தானே என்று அவளே போய் நின்றாள். அவள் முறை வந்தபோது அந்த மனிதரின் வாயில் முந்தின ஆள் ஊற்றிய தண்ணீர் அப்படியே நின்றது. அதைப் பார்த்தாள். பார்த்த பிறகும் ஊற்றினாள். தொண்டைக்குள்ளிருந்து கொதிக்கிற பானையைப் போல ஒரு சத்தம் எழும்பியது. அவள் நகர்ந்துகொண்டாள். எட்டாவது ஆள் முன்னால் வந்தான்.

குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே அவர் இறந்தார்.

அன்று பகலெல்லாம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்று மணிக்குப் பட்டை அதிர்ந்தது. எண்பத்திரண்டு. ஒன்றுதான் கூடியிருந்தது. பதினைந்து பேருக்கும் ஒவ்வொன்றுதான். இபுராஹிம் டியூட்டி ரூமில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து நீளமாக மூச்சு விட்டான்.

"பாத்தியா புள்ள, ஒண்ணே ஒண்ணு. பதினஞ்சா வகுத்துட்டாரு. தனியா ஒருத்தன் நின்னிருந்தான்னா அவன் இன்னைக்கே விமானம் ஏறியிருப்பான்."

"அவரு மூச்சு முட்டித்தான செத்தாரு அண்ணே. நாம ஊத்துன தண்ணியில."

"அது எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப?"

"அப்பன்னா என்ன. எல்லாரும்னா யாரும் இல்லன்னு அர்த்தம். கூட நேரம் கெடந்தாருன்னா நமக்குக் கழியும். சீக்கிரம் போயிட்டாருன்னா ஆளுக்கு ஒண்ணு. வரிசையில நிக்கிற வரைக்கும் பயமே இல்ல." அவன் சிரிக்க முயன்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்தச் சத்தம் தனக்கும் காதிலேயே இருக்கிறது என்றான்.

அதுவரை செண்பகவல்லி எண்ணுக்குப் பயந்துகொண்டிருந்தாள். அன்றிலிருந்து வரிசையைக் கண்டு பயந்தாள்.

நான்காம் அறைக்கு நேர் எதிரே ஏழாம் அறை. இடையில் கண்ணாடிக் கதவுகள்தான். ஏழாம் அறையில் இங்கா என்ற பெண்மணி இருந்தார். கணையத்தில் புற்று. நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் புவியியல் சொல்லிக் கொடுத்தவர். செண்பகவல்லி அவர்கள் மொழியைத் தப்பாகப் பேசினால் உடனே திருத்துவார். நான்காம் அறையில் நடந்ததற்கு மறுநாள் காலை அவர் திருத்தவில்லை. அந்த ஸ்பூன்காரர்கள் என் அறைக்கு எப்போது வருவார்கள் என்று மட்டும் கேட்டார். வரமாட்டார்கள் என்று சொல்லத்தான் செண்பகவல்லி வாயெடுத்தாள். பிறகு விரிப்பின் ஓரத்தைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

நான்கு நாள் கழித்துக் காலை பதினொரு மணிக்கு ஏழாம் அறையில் விளக்கு எரிந்தது. மாலை ஐந்து மணி என்று குறித்திருந்தது. டாக்டர் சிக்ரிட் செண்பகவல்லியைத் தனியே அழைத்து, மேலிடத்திலிருந்து இரண்டு பேர் கேமராவில் பார்க்கப்போகிறார்கள், முதல் ஸ்பூன் அவளுடையதாக இருக்க வேண்டும் என்று சொன்னார்கள் என்றார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தனக்கு இதில் சம்மதம் இல்லை என்றும், ஆனால் நோயாளிகள் சராசரியாக ஒன்பது நிமிடம் கூடுதலாக இருக்கிறார்கள் என்று தாளில் இருக்கிறது, அந்தத் தாளை எதிர்த்துப் பேசத் தன்னிடம் ஒன்றும் இல்லை என்றும் சொன்னார்.

பன்னிரண்டு மணிக்கு வரிசை தயாராகிவிட்டது. இருபது பேர். எல்லோர் கையிலும் நீளக் காம்பு ஸ்பூன். செண்பகவல்லிக்கு அடுத்தாற்போல் இபுராஹிம் நின்றான். இடையில் கூடியதும் குறைந்ததுமாக அவன் எண் தொண்ணூற்று எட்டில் வந்து நின்றிருந்தது.

அவள் கட்டிலருகே போனாள். இங்கா அவளையும், கதவுக்கு வெளியே வரிசை நீண்டு போன தூரத்தையும் பார்த்தார். உதடுகளை இறுக மூடிக்கொண்டார். எலும்பும் தோலுமான அந்தத் தாடையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. செண்பகவல்லி ஸ்பூனை அருகே கொண்டுபோனபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"எதிர் அறையில் நடந்ததை நான் பார்த்தேன். நீயும் இருந்தாய்."

செண்பகவல்லி ஸ்பூனைத் தட்டில் வைத்தாள். திரும்பி நடந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். இபுராஹிமுக்குப் புரிந்துவிட்டது. மற்றவர்களுக்குப் புரியாதபடி தமிழில் மெதுவாகச் சொன்னான்.

"கதவச் சாத்தாத. சாத்துனா உள்ள நீ மட்டுந்தான். மொத்தமும் உனக்கு."

"தெரியும்ணே."

"ஒரே ஒரு ஸ்பூன் செண்பகம். ஊத்தக்கூட வேண்டாம். ஒதட்டுல வச்சிட்டு எடுத்துடுதேன். நான் தொட்டதாப் பட்டைக்குத் தெரிஞ்சாப் போதும், கூட நேரம் கெடந்தாங்கன்னா எனக்கும் கழியும்."

"அவங்க வேண்டாங்காங்க."

"எனக்குப் புள்ள இருக்கு."

அவள் அவனைப் பார்த்தாள். கண் கலங்கி, உதடு காய்ந்து, ஸ்பூனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். அவன்மேல் அவளுக்குக் கோபமே வரவில்லை. "தெரியும்ணே" என்று இன்னொரு முறை சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தித் தாழிட்டாள்.

வெளியே யாரோ தட்டினார்கள். பிறகு நின்றுவிட்டது. கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்போதும் அவள் கைகள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன. அவற்றை முன்னால் கொண்டுவர ஒரு நிமிடம் ஆயிற்று.

இங்கா முகத்தைத் திருப்பினார். "பயமாக இருக்கிறதா?"

"ஆமாம்."

"எனக்காகவா, அந்த எண்ணுக்காகவா?"

"எண்ணுக்காக."

"நல்லது. எனக்காக என்று சொல்லியிருந்தால் உன்னையும் வெளியே அனுப்பியிருப்பேன்." சற்று நேரம் மூச்சு வாங்கினார். "எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அந்தத் திரையை மூடு. எத்தனை நாளாயிற்று, கொஞ்சம் இருட்டைப் பார்க்க வேண்டும்."

செண்பகவல்லி தடித்த திரையை இழுத்து மூடினாள். அறை மங்கியது. இங்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தொட்டவுடன் பட்டை லேசாகச் சூடாயிற்று. தொடுகையைப் பதியும்போது அப்படித்தான் சூடாகும். அவள் கையை எடுக்கவில்லை.

வெகுநேரம் கழித்து இங்கா, உன் ஊரில் என்ன ஆறு ஓடுகிறது என்று கேட்டார். ஆறு இல்லை என்றாள். ஆறு இல்லாமல் ஓர் ஊரை யார் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்று இங்கா ஆசிரியையின் குரலில் அதட்டினார். கண்மாய் இருக்கிறது, மழை பெய்தால் நிறையும் என்றாள். பெய்யாவிட்டால் என்றார். பெய்யும் என்று பார்த்துக்கொண்டிருப்போம் என்றாள் செண்பகவல்லி. இங்காவின் விரல்கள் அவள் விரல்களை ஒருமுறை அழுத்தின.

மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையே நேரம் நீண்டுகொண்டே போயிற்று. ஒவ்வொரு இடைவெளியிலும் செண்பகவல்லி கதவைப் பார்த்தாள். கதவைத் திறந்து எல்லோரையும் உள்ளே கூப்பிட்டுவிடலாமா என்று இரண்டு முறை நினைத்தாள். இருபதால் வகுத்தால் ஆளுக்கு ஒன்றுதான் வரும் என்று அவள் மனசே கணக்குப் போட்டுச் சொன்னது. எழுந்துகூட விட்டாள். கை மட்டும் அவர் கைக்குள் இருந்தது. மறுபடி உட்கார்ந்தாள்.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு இங்கா இறந்தார். குறித்த நேரத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் முன்னால். சத்தம் ஏதும் வரவில்லை.

அவர் கண்களை மூடிவிட்டு, தாடையை நேராக வைத்து, விரிப்பைச் சரிசெய்தாள். இனி எதைத் தொட்டாலும் ஒன்றுதான். முகத்தைத் துடைத்து, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். தலைமாட்டிலேயே நின்றுகொண்டிருந்தபோது பட்டை அதிர்ந்தது. இரண்டு முறையோடு நிற்காமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. சாம்பல் நிறம் போய்ச் சிவப்பு ஏறியது. நூற்று ஆறு.

தாழ்ப்பாளை விலக்கிக் கதவைத் திறந்தாள். வாசலில் ஒருவரும் இல்லை. வராந்தாவின் கோடியில் ஒன்பதாம் அறையில் ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வரிசை இப்போது அங்கே நின்றது. கடைசியிலிருந்து மூன்றாவதாக இபுராஹிம்.

கதவுச் சத்தம் கேட்டு அவன் திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு அவள் மணிக்கட்டைப் பார்த்தான். ஓர் அடி வரிசையை விட்டு வெளியே எடுத்து வைத்தான். பின்னால் நின்ற பெண் அந்த இடத்துக்கு நகர்ந்து வந்தாள். இபுராஹிம் அந்தப் பெண்ணைப் பார்த்தான். செண்பகவல்லியையும் பார்த்தான். வைத்த காலை உள்ளே இழுத்துக்கொண்டு, தோளால் இடித்துத் தன் இடத்தில் போய் நின்றான்.

ஒன்பதாம் அறைக்குள்ளிருந்து, அடுத்தவர் வரலாம் என்று ஒரு குரல் கேட்டது. வரிசை ஓர் அடி முன்னால் நகர்ந்தது.